டீச்சரம்மாவின் கேமராவும் தகரக்கூரை மழையும்

சமையலறை ஸ்டூலில் ஏறி நின்று, ஃபிரிட்ஜுக்கு மேலே இருந்த ரவுட்டரின் தலையிலிருந்து கம்பளிக் குல்லாவைக் கழற்றினேன். குல்லா மாட்டிவிட்டவள் என் மனைவி பொன்னுத்தாயி. வந்து தங்கியவர்களில் யாரோ மறந்துவிட்டுப் போன குழந்தைக் குல்லா அது. நாள் முழுக்கக் கண்ணை மூடாமல் வேலை செய்கிற சாமானுக்குக் குளிராதா என்பது அவள் நியாயம். இரண்டு கம்பிகளும் குல்லாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பார்ப்பதற்கு ஆட்டுக்குட்டி போல இருக்கும்.

"அத எதுக்குங்க கழட்டுறீங்க?"

"அடியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. அதப் பாக்கணும்."

"ஸ்டிக்கரப் பாக்கவா இவ்வளவு வெள்ளனே எந்திரிச்சீங்க? கெஸ்ட்டு ரூமுல பக்கெட்டு ஒழுகுதுன்னு மூணு நாளாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

பெட்டியைத் திருப்பினேன். ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த சந்தனம், அதன் நடுவே குங்குமம்.

ஆயுத பூஜைக்கு வைத்தது. மிக்சி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் முன்பக்கம்தான் பொட்டு வைத்திருந்தாள். ரவுட்டருக்கு மட்டும் முன்பக்கம் விளக்குகள் மினுக்குவதால், சாமியின் கண்ணை மறைக்கக் கூடாது என்று அடியில் வைத்துவிட்டாள். மிகச் சரியாகப் பாஸ்வேர்டின் மேல்.

ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் வந்தது. அதோடு எழுத்தும் வந்தது. மற்ற எழுத்துகள் தப்பின. கடைசி எழுத்தில் அடிப்பக்கத்து வளைவு மட்டும் மிஞ்சியது.

அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் அந்தப் பெட்டியைத் திறந்து ஒரு வேலை செய்யாவிட்டால், எனக்கு இருந்த ஒரே கூட்டத்திலிருந்து என்னை நீக்கிவிடுவார்கள்.

மழை கேட்டவர்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை போகிற சாலையில், இரண்டு அறை உள்ள ஒரு தங்கும் வீட்டை நானும் பொன்னுத்தாயியும் பார்த்துக்கொள்கிறோம். வீட்டுக்கு உரியவர் திண்டுக்கல்லில் இருக்கிறார். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு டீச்சரம்மா.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டைக் கணக்கு எழுதிய நாட்களைப் பற்றி இந்த இதழில் முன்பு ஒரு வாரம் எழுதியிருக்கிறேன். அங்கே எல்லோரும் என் பங்குக்கும் சேர்த்துக் கத்திவிட்டார்கள். மலையேறிய பிறகு, பேச வேண்டிய இடங்களைப் பொன்னுத்தாயிக்கு ஒதுக்கிவிட்டேன். ஒன்றே ஒன்று என் தலையில் விழுந்தது, தொலைபேசி. தங்க வருகிறவர்கள் புறப்படும் முன் கூப்பிட்டு, "அங்க மழையா?" என்பார்கள். எவ்வளவு கொட்டினாலும் "லேசான சாரல்தாங்க" என்று சொல்ல வேண்டும் என்பது டீச்சரம்மாவின் உத்தரவு.

ஒருநாள் அப்படி ஒருவர் கூப்பிட்டபோது, பின்கட்டுத் தகரக்கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. சாரல் என்று சொன்னால் என் குரலே எனக்குக் கேட்காது. பொய் சொல்லவும் வரவில்லை, உண்மை சொல்லவும் பயம். போனை வெளியே நீட்டிவிட்டேன்.

ஒரு நிமிடம் கழித்து உள்ளே எடுத்தால், மறுமுனையில் அவர் இன்னும் இருந்தார்.

"அண்ணே, எடுத்துடாதீங்க. இன்னும் கொஞ்சம் நீட்டுங்க" என்றார்.

மறுநாளே மலையேறி வந்தார். இரண்டு நாள் தங்கினார். ஏரிக்கும் போகவில்லை, எந்தப் பாறையையும் பார்க்கவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து தகரத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது கையடக்கமான ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு கூட்டத்திலும் சேர்த்துவிட்டார்.

மழைச் சத்தம் சேர்க்கிறவர்களின் கூட்டம் அது. ஊருக்கு ஒருவர் இருவர். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. என்னைச் சேர்த்தவர்தான் தலைவர், அங்கே அவர் பெயர் ஓட்டுவீடு. வால்பாறையில் இருக்கும் ஒருவர் ஆலங்கட்டி. நான் தகரம்.

விதிகள் சில உண்டு. தானே பதிவு செய்த மழையை மட்டும் பகிர வேண்டும். சினிமா, பாட்டு என்று எதையாவது போட்டால் அன்றே வெளியே. பதிவைச் சுருக்கக் கூடாது. சுருக்கினால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு மழையும் பெரிய கோப்பு. அதை எல்லாம் வைக்கப் பொதுவான கிடங்கு கிடையாது. அவரவர் மழை அவரவர் கணினியில் இருக்கும், மற்றவர்கள் அங்கிருந்தே துண்டு துண்டாக எடுத்துக்கொள்வார்கள். டொரண்ட் என்று சொல்கிறார்களே, அந்த முறை.

கடைசி விதிதான் என்னைப் பிடித்தது. நூறு பங்கு எடுத்தால் முப்பத்தைந்து பங்காவது திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

நான் நாற்பது மழைக்கு மேல் எடுத்திருந்தேன். என்னிடமிருந்து ஒருவராலும் ஒரு துளி எடுக்க முடியவில்லை.

ஒரு கூட்டம் போனால் என்ன என்று கேட்கலாம். பனங்கூரையில் பெய்யும் மழை முடிந்த பிறகும் எப்படிச் சொட்டுகிறது என்று ஒருமுறை அங்கே நாலு வரி எழுதினேன். வால்பாறை ஆலங்கட்டி, "ஆமாம், கடைசிச் சொட்டுக்குத்தான் நானும் காத்திருப்பேன்" என்று பதில் போட்டார். என் ஆயுளில் ஒருவர் என்னிடம் "ஆமாம்" என்று சொல்லி அதற்கு மேலும் ஒரு வரி பேசியது அதுதான் முதல் தடவை.

லாட்ஜ் கணக்கில் புரிந்தது

முப்பத்தைந்தைத் தொட ஞாயிறு மதியம் வரை கெடு என்று சொல்லி, கோளாறு என்னவென்றும் ஓட்டுவீடு எழுதி அனுப்பினார். நான் என் தொழிலை வைத்து இப்படிப் புரிந்துகொண்டேன்.

ரவுட்டர் என்பது ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் ஆள். உள்ளே இருப்பவர்கள் வெளியே போய் வாங்கி வருவதை அவர் தடுப்பதில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டினால், எந்த அறைக்கு வந்தார் என்று தெரியாததால் திருப்பி அனுப்பிவிடுவார். "இன்ன எண்ணைச் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் இன்ன அறைக்கு அனுப்பு" என்று அவரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுப்பதற்குப் பெயர்தான் போர்ட் ஃபார்வர்டிங்.

என் மழையைக் கேட்டு வந்தவர்கள் எல்லாம் இத்தனை நாளாக வாசலோடு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

எழுதிக் கொடுக்க உள்ளே போக வேண்டும். உள்ளே போகப் பாஸ்வேர்டு வேண்டும். மிஞ்சிய வளைவை வைத்து ஐந்து போட்டேன், ஆறு போட்டேன், மூன்று போட்டேன். எட்டுக்குத் திறந்தது.

"எட்டா?" என்றாள் பொன்னுத்தாயி, பூண்டு உரித்துக்கொண்டே. "அதான் இந்தப் பாடு படுத்துது."

விருந்தினர் விவரம் ஏற்றுவதற்காக டீச்சரம்மா வாங்கி வைத்திருந்த பழைய கணினி முன் உட்கார்ந்தேன். திரையில் ஒரு கட்டம். அதில் ஏற்கெனவே ஒரு வரி. மூன்று ஆங்கில எழுத்து, பக்கத்தில் சில எண்கள். அதன் கீழே திரை முடிந்துவிட்டது.

இந்தப் பெட்டிக்கு ஒரு வரிதான் உண்டு போலும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்கும் ஒரு வாசல்தானே. ஓட்டுவீட்டைக் கேட்டிருக்கலாம். ஆனால் ஒருவரிடம் ஒரு விஷயத்துக்கு ஒரு முறைதான் கேட்பது என் வழக்கம். இரண்டாம் முறை கேட்டால் காது கூசும். அந்த வரியில் இருந்ததை ஒரு தாளில் குறித்துக்கொண்டு அழித்துவிட்டு, என் எண்ணை எழுதிச் சேமித்தேன்.

சாயங்காலம் தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு வந்து பார்க்கிறேன், திரையில் ஓர் அம்புக்குறி மேல்நோக்கித் துடித்துக்கொண்டிருந்தது. யாரோ என் மழையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கு இரண்டு.

தேநீர் ஆறியதைக் கவனிக்கவில்லை.

கறுப்பு மேகம்

வெள்ளிக்கிழமை காலை டீச்சரம்மா கூப்பிட்டார்.

வாசலில் ஒரு கேமரா உண்டு. காட்டுமாடு வந்து செடிகளைத் தின்றுவிட்டுப் போகிறது என்று மாட்டியது. மாடு வருவதை அவர் திண்டுக்கல்லில் இருந்தபடியே போனில் பார்த்து எங்களுக்குச் சொல்வார். மாடு வராத நேரத்தில் எங்களைப் பார்ப்பார். அதற்காகவே தனி முகவரி உள்ள இன்டர்நெட் இணைப்பாகக் கேட்டு வாங்கியிருந்தார்.

"முருகேசு, கேமராவுல ஒண்ணும் தெரியல."

அந்த மூன்று ஆங்கில எழுத்து கேமராவுடையது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. போனைப் பொன்னுத்தாயியிடம் கொடுத்தேன். அவளுக்கு விவரம் ஒன்றும் தெரியாது. என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"மேகம் எறங்கியிருக்குங்கம்மா. எங்களுக்கே வாசல் கேட்டு தெரியல."

"மேகம்னா வெள்ளையால்ல தெரியணும். இது கறுப்பா இருக்கு."

"இது மழை மேகம்ங்கம்மா."

நாற்பது வருடம் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டுப் பழகிய காது அது.

"நாயித்துக்கிழம காலைல பஸ்ஸுல நானே வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

வெளியே பார்த்தேன். பளிச்சென்று வெயில். கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பிளம்ஸ் மரத்தில் இலைகளை எண்ணலாம்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்றாள் பொன்னுத்தாயி. சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அழிச்சத திருப்பி எழுதிருங்க. சோலி முடிஞ்சுச்சு" என்றாள்.

திருப்பி எழுதினால் என் கதவு அடைபடும். அப்போது நூற்றுக்கு ஒன்பது. முப்பத்தைந்து ஆகட்டும், ஞாயிறு மதியம் ஆகட்டும், அதற்குப் பிறகு எழுதிவிடுகிறேன் என்றேன். இத்தனை வருடத்தில் டீச்சரம்மாவின் ஒரு ஸ்பூனைக்கூட இடம் மாற்றி வைத்தவன் இல்லை நான். பொன்னுத்தாயி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு போய்க் கேமராவின் முகத்தில் இருந்த ஒட்டடையைத் துடைத்துவிட்டு வந்தாள். அவளால் முடிந்த உதவி.

இடி

சனிக்கிழமை மதியம் எண் இருபத்தி நாலில் நின்றது. விசித்திரம் என்னவென்றால், நான் கொடுத்த பதினொரு மழையில் எல்லோரும் எடுத்தது ஒன்றைத்தான். தகரக்கூரை, மூன்று மணி நேரம். மற்ற பத்தையும் தொடவில்லை. அதில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. கருவியைப் பின்கட்டுத் திண்டில் வைத்துவிட்டுக் கிழங்கு வாங்கப் போன நாளில் பதிவானது அது. முழுதாகக் கேட்டதில்லை.

மூன்று மணிக்கு எங்கோ மன்னவனூர்ப் பக்கம் முதல் இடி உருண்டது.

எங்கள் மலையில் முதல் இடிக்கு எல்லா வீட்டிலும் ஒரே காரியம்தான் நடக்கும். அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் போய் எல்லாப் பிளக்கையும் பிடுங்குவார்கள். பொன்னுத்தாயி டிவியைப் பிடுங்கினாள், ஃபிரிட்ஜைப் பிடுங்கினாள், ரவுட்டரிடம் வந்தாள்.

நான் நடுவில் நின்றேன்.

"நகருங்க."

"இன்னும் பதினோரு பங்கு பாக்கி இருக்கு."

"இடி எறங்குனா பெட்டியும் போகும், நீங்களும் போவீங்க. அப்புறம் யாரு பங்கு கேப்பா? வெரசா நகருங்க."

நகர்ந்தேன். பிடுங்கினாள். பிறகு பெய்தது பாருங்கள், அந்த வருடத்தின் நல்ல மழை. பதிவு செய்யக் கை வரவில்லை. எடுத்து எடுத்து நெஞ்சு அடைத்துக் கிடக்கிறேன், இன்னும் ஒன்று எதற்கு? மின்சாரம் போய், மறுநாள் காலையில்தான் வந்தது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு இருபத்தைந்து. பத்து மணிக்கு இருபத்தொன்பது.

பரீட்சை ஹால்

பதினொன்றேகாலுக்கு டீச்சரம்மா வந்துவிட்டார். வத்தலக்குண்டில் பஸ் மாறி, வளைவுகளில் தலை சுற்றாமல் இருக்கக் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிடித்தபடி. உள்ளே வந்ததும் வானத்தைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ரவுட்டர யாரு தொட்டா?"

பொன்னுத்தாயி வாயைத் திறந்தாள். "நீ சும்மா இரு, மழை மேகம்" என்று அவளை நிறுத்திவிட்டு என் பக்கமே திரும்பி நின்றார்.

"நான்தாங்கம்மா."

சொல்லத் தொடங்கினேன். ரிசப்ஷன் ஆள், கதவு, அறை எண், கூட்டம், மதியம் பன்னிரண்டு என்று முன்னும் பின்னுமாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒருவரிடம் ஒரே நேரத்தில் அவ்வளவு பேசியதில்லை.

"ஆக, ஏங் கேமராவ அடைச்சுட்டு உம் மழைக்குக் கதவத் தொறந்து விட்டுருக்க."

"ஆமாங்கம்மா."

நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரை முன் உட்கார்ந்தார். சுட்டெலியைப் பிடித்துப் பக்கத்தைக் கீழே தள்ளினார். கட்டத்துக்கு அடியில், அதுவரை நான் பார்த்தே இராத இடத்தில், ஒரு கூட்டல் குறி இருந்தது.

"இதென்ன? இத அமுக்குனா இன்னொரு வரி வருதே. கேள்வித்தாளத் திருப்பிப் பாக்க மாட்டியா நீ?"

எனக்கு நிலம் பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"சேமிச்சா பெட்டி ஒருவாட்டி நின்னு கெளம்பும்ங்கம்மா" என்றேன். "எடுத்துக்கிட்டு இருக்குறவங்க அந்துபோவாங்க."

கூட்டத்தின் பக்கம் திறந்திருந்ததை அவர் அதற்குள் கவனித்துவிட்டார். என் மூன்று மணி நேர மழைக்குக் கீழே எல்லோரும் கருத்து எழுதியிருந்தார்கள். நான் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததில் அதைப் படிக்கவே இல்லை. டீச்சரம்மா வாய்விட்டுப் படித்தார்.

"'ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில் வரும் அம்மா அற்புதம்.' யாருடா அம்மா?"

எனக்குத் தெரியவில்லை. அவரே அந்த இடத்துக்கு நகர்த்தினார்.

மழை கொட்டியது. அதன் நடுவே, கணீரென்று ஒரு குரல்.

"முருகேசு எங்க? வாசல்ல நாயி படுத்துருக்கு. அதுக்குக் கம்பளி போத்துனது யாரு? கேமராவுல பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அது கெஸ்ட்டு கம்பளி. சத்தியமாச் சொல்றேன் பொன்னுத்தாயி..."

அந்த இடத்தில் மலையே பிளப்பது போல ஓர் இடி. இடி அடங்கியதும் அதே மூச்சில், "...அத நான் சும்மா விடமாட்டேன்."

நான் கிழங்கு வாங்கப் போன அன்று, கையெல்லாம் மாவாக இருந்த பொன்னுத்தாயி போனை ஸ்பீக்கரில் போட்டுத் திண்டில் வைத்திருக்கிறாள், கருவிக்குப் பக்கத்தில். பதினோரு நிமிடத் திட்டும் பதிவாகியிருந்தது. டீச்சரம்மா முழுவதையும் கேட்டார். இடையில் ஒருமுறை தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார்.

இன்றோடு வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"எத்தன பேரு எடுத்துருக்காங்க?"

"பத்தொம்பது பேருங்கம்மா."

"அழிச்சுரு."

"இங்க அழிக்கலாம்ங்கம்மா. ஆனா அவங்க பத்தொம்பது பேருகிட்டயும் இருக்கும். குடுத்தத திருப்பி வாங்க முடியாது."

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொன்னுத்தாயி மெதுவாக, "கொரலு நல்லா எடுப்பா இருக்குங்கம்மா. இடிக்கே அடங்கல" என்றாள்.

"அந்தக் கம்பளியத் தொவச்சியா?"

"அன்னைக்கே தொவச்சுட்டேங்கம்மா."

மணி பதினொன்று ஐம்பது. எண் முப்பத்திரண்டு. டீச்சரம்மா கூட்டல் குறியைத் தொடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் உட்காருவது போலத் திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருவரும் அவருக்குப் பின்னால் நின்றோம். எண் முப்பத்திமூன்றுக்கு வந்தது. அங்கேயே நின்றது. எடுத்துக்கொண்டிருந்தவர் எங்கேயோ தன் கணினியை மூடிவிட்டார் போல.

பன்னிரண்டு அடித்தது.

ஓட்டுவீட்டிடமிருந்து செய்தி வந்தது. "தகரம், வருந்துகிறேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான்."

நான் விலகி ஜன்னல் பக்கம் போனேன். பின்னால் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. டீச்சரம்மா ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தபோது அவர் எழுதியிருந்தது இது:

"இரண்டு மார்க்குக்காக ஒருவனை ஃபெயில் போடுவதா? நான் என் சர்வீஸில் அப்படிச் செய்ததில்லை. நேற்று இங்கே இடி விழுந்து கரண்ட் இல்லை. கருணை மதிப்பெண் போடவும்."

"நீங்கள் யார்?" என்று கேட்டு வந்தது.

"ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடம்" என்று தட்டினார்.

பிறகு மூன்றே சொற்கள் வந்தன.

"வணக்கம் டீச்சர். பாஸ்."

டீச்சரம்மா அதை இரண்டு தடவை படித்தார். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். "இப்ப ஏங் கேமராவக் குடு" என்றார்.

கூட்டல் குறியை அமுக்கி, அவருடைய வரியை எழுதிச் சேமித்தேன். பெட்டி நின்று கிளம்பியது. அவர் போனில் எங்கள் வாசல் தெரிந்தது. மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிட்டார். அந்தக் கோப்பை அழித்துவிட்டாயா என்று போகும்போது கேட்டார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பதை அவர் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு இன்னும் நாற்பத்தியொரு பேர் எடுத்திருக்கிறார்கள். இதை அவரிடம் இதுவரை சொன்னதில்லை. அவர் இந்த இதழை வாராவாரம் வாங்குகிறவர் என்பதால், இப்போதுதான் சொல்கிறேன்.